கனவை விடுங்கள், முழங்காலைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 27. இரவு படம் பார்த்துவிட்டுப் படுத்தால், படத்தில் வந்த ஆட்கள் எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதுபோல் கனவு வருகிறது. ‘இது கனவுதான்’ என்று அப்போதே தெரிகிறது. சில நாள் கதையை மாற்றவும் முடிகிறது. மதியம் பத்து நிமிடம் கண்ணயர்ந்தாலும் இதே கதை. பகலெல்லாம் தூக்கம். சிக்னலில் பைக்கை நிறுத்தினால் கண் சொக்குகிறது. நண்பர்களோடு வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிவிடுகிறது. இது மனச்சிதைவின் ஆரம்பம் என்று இணையத்தில் படித்தேன். நண்பனுடைய மனச்சோர்வு மாத்திரையை இரண்டு நாள் போட்டும் பார்த்தேன். கனவை நிறுத்த வழி உண்டா?

பதில்: கனவைக் கனவென்று கண்டுகொள்வது மனச்சிதைவின் அடையாளம் அல்ல. விழித்திருக்கும்போது குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்றால் அது வேறு பேச்சு. அப்படி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

படமும் பாட்டி வீடும் கலப்பதில் அதிசயம் இல்லை. இன்று பார்த்ததையும் என்றோ பார்த்ததையும் மூளை ஒன்றாகப் போட்டுக் கிளறுவதுதான் கனவு. திரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. 2008இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வில், கறுப்பு வெள்ளைப் படம் பார்த்து வளர்ந்தவர்கள் கனவும் சில நேரம் கறுப்பு வெள்ளையில் வருவதாகச் சொன்னார்கள். இளையவர்களிடம் அது அபூர்வம். கனவுக்குள் சுயநினைவு வருவதும் பழைய சங்கதி. 1975இல் இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்பவரின் ஆய்வகத்தில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்து, கனவிலிருந்தே சைகை காட்டினார்.

சரி, இப்போது முழங்காலுக்கு வருவோம். கடிதத்தில் என்னை உறுத்துவது அதுதான். பொதுவாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் போல ஆன பிறகே கனவு மிகுந்த உறக்கம் வரும். உங்களுக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிடுகிறது. அந்த உறக்கத்தில், கனவில் ஓடும்போது நாம் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி தசைகள் தளர்ந்து கிடக்கும். அந்தத் தளர்ச்சி விழிப்பு நேரத்திலும் எட்டிப் பார்த்தால், சிரிக்கும்போது கால் மடங்கும், தாடை தொங்கும். பகல் தூக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் நார்கோலெப்சி என்ற தூக்க நோயாக இருக்கலாம். விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்ஸின் என்ற பொருள் மூளையில் குறைவதால் வருவது அது. நீங்கள் சொல்லும் வகைக் கனவுகளும் இந்த நோய் உள்ளவர்களுக்கு அதிகம். பல பேர் ‘சோம்பேறி’ என்ற பட்டத்தோடு வருஷக்கணக்கில் தள்ளிவிட்டு, அப்புறம்தான் மருத்துவரிடம் வருகிறார்கள்.

நரம்பியல் மருத்துவரையோ தூக்கவியல் மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். ஓர் இரவு தூக்கப் பரிசோதனை, மறுநாள் பகலில் சில குட்டித் தூக்கங்களை வைத்து இன்னொன்று. நோய் உறுதியானால் நல்ல மருந்துகள் இருக்கின்றன. போவதற்கு முன் இரண்டு வாரத்துக்குக் குறிப்பெழுத முடியாவிட்டாலும், போகும் நாள்வரை எப்போது படுத்தீர்கள், எப்போது சொக்கினீர்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள்.

அந்த மாத்திரைச் சீட்டில் உங்கள் பெயர் இருந்ததா? அந்த வகை மாத்திரைகளில் பல, கனவு உறக்கத்தை அமுக்கிப் பரிசோதனை முடிவையே குழப்பிவிடும். இனி தொடாதீர்கள், போட்டதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

படம் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். பைக் சாவியை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை வீட்டில் யாரிடமாவது கொடுத்துவையுங்கள்.