கைதியும் கையும் – கடிதம்

வணக்கம் அம்மா,

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினம் இருபது ஆங்கிலச் சொற்கள் என்று நோட்டில் எழுதி 1,400 சேர்ந்துவிட்டன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் பாதி மறந்துபோகிறது. லத்தீன் வேர்ச்சொல் தெரிந்தால் மறக்காது என்கிறார் கோச்சிங் சென்டர் சார். ‘சின்சியர்’ என்றால் லத்தீனில் ‘மெழுகு இல்லாமல்’ என்று அர்த்தமாம். ஓட்டையை மெழுகால் அடைக்காத சிலையை அப்படிச் சொன்னார்களாம். எந்தப் புத்தகம் வாங்கலாம்? தமிழ்வழியில் படித்தவனுக்கு இதெல்லாம் கைவருமா?

ச.

அன்புள்ள ச.,

புத்தகம் எதுவானாலும் சரி, பழைய புத்தகக் கடையில் கிடைப்பதை வாங்குங்கள். வங்கித் தேர்வுக்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள். நான் கணக்கில் தோற்றவள்.

அந்த மெழுகுக் கதையை முதலில் நோட்டிலிருந்து அடித்துவிடுங்கள். ‘சின்கேருஸ்’ என்றால் லத்தீனில் கலப்படம் இல்லாதது, தூயது. அவ்வளவுதான். சிலையும் ஓட்டையும் பின்னால் யாரோ ஒட்டவைத்தவை, அகராதிக்காரர்கள் ஏற்பதில்லை. நம்மூரிலும் இந்த வியாதி உண்டு. கை கட்டப்பட்டவன் கைதி என்று எனக்கு ஒன்பதாவதில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அது அரபிச் சொல். ‘கைத்’ என்றால் அங்கே தளை, சிறை. ஒரே இனிஷியல் என்பதற்காக இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. ‘தமிழ்வழியில் படித்தவனுக்கு’ என்று தலையைக் குனிந்துகொண்டே எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் கோபம் வந்தது. அதே வரியில் ‘கைவருமா’ என்றும் இருக்கிறது. அதை எழுதும்போது உங்கள் கையைப் பார்த்தீர்களா தம்பி?

கொஞ்ச நாளாகவே இந்தக் கை என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. லத்தீனில் கைக்கு ‘மானுஸ்’. கையால் எழுதியது மேனுஸ்கிரிப்ட். நமக்குக் கையெழுத்துப் பிரதி. குதிரையைப் பழக்குவதற்கு இத்தாலியர்கள் கையை வைத்து ஒரு சொல் செய்தார்கள், அதிலிருந்து மேனேஜ் வந்தது, நமக்குக் கையாளுதல். ‘காபெரே’ என்றால் பிடிப்பது. கையோடு அதைச் சேர்த்தால் ஒன்றைப் பிடித்துத் தன் உடைமையாக்குவது, நமக்குக் கைப்பற்றுதல். ரோமில் தகப்பன் தன் அதிகாரத்திலிருந்து மகனை விடுவிப்பதற்குப் பெயர் ‘எமான்சிபாசியோ’, அந்தப் பிடியை விடுவது. உங்கள் நோட்டில் எமான்சிபேட் என்று எழுதி, பக்கத்தில் ‘விடுதலை செய்’ என்று போட்டிருப்பீர்கள். அதை அடித்துவிட்டு, விரல்கள் திறக்கிற ஒரு கையை வரைந்து வையுங்கள். மறக்கிறதா பார்ப்போம்.

உடனே தமிழிலிருந்துதான் லத்தீன் வந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தக் கடிதங்கள் எனக்குத் தனியாக வருகின்றன. ரோமாபுரிக்காரனுக்கும் கை இரண்டுதான். அதைக்கொண்டுதான் அவனும் பிடித்தான், எழுதினான், விட்டான்.

நான் முதன்முதலில் லத்தீன் கேட்டது புதுச்சேரியில், சம்பா கோயில் என்கிற மாதா தேவாலயத்துக்குப் பின்தெருவில், ஓர் ஊறுகாய் ஜாடி உடைந்த அன்று. பக்கத்து வீட்டுத் தாத்தா சிறுவயதில் பூசைக்கு உதவி செய்தவர். 1960களில் பூசை தமிழுக்கு மாறும்வரை ஜெபமெல்லாம் லத்தீன்தான். சாமியார் சொல்லச் சொல்ல இவர் பதில் சொல்ல வேண்டும், எல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது. அன்றைக்கு ஆயா வெயிலில் வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாயைத் தாத்தா உள்ளே எடுத்து வரும்போது நிலைப்படியில் இடித்துப் போட்டு உடைத்துவிட்டார். எண்ணெய் கூடம் வரை ஓடியது. ஆயா அடுப்படியிலிருந்து வருவதற்குள் தாத்தா நிமிர்ந்து நின்று, மடக்கிய கையால் நெஞ்சில் மூன்று முறை தட்டினார்: “மெயா குல்பா, மெயா குல்பா, மெயா மாக்சிமா குல்பா.”

ஆயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். “லத்தீன்ல சொன்னா ஜாடி ஒட்டிக்குமா?”

தாத்தாவிடம் அர்த்தம் கேட்டேன். ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்றார். பல வருடம் கழித்து ஒரு வழக்குச் செய்தியில் ‘கல்பபிள் ஹோமிசைட்’ (குற்றமாகிற கொலை) என்று படித்தபோது நான் அகராதியைத் தேடவில்லை. அந்த எண்ணெய் வாசனைதான் வந்தது.

இதே புதுச்சேரியில் 1846-லேயே பாதிரிமார்கள் லத்தீன், பிரெஞ்சு, தமிழ் மூன்றையும் சேர்த்து அகராதி அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே, 1738-ல், வீரமாமுனிவர் தமிழுக்கு லத்தீனில் எழுதிய இலக்கணம் தரங்கம்பாடியில் அச்சானது. இத்தாலியில் பிறந்து லத்தீன்வழியில் படித்த மனிதர். ‘லத்தீன்வழியில் படித்தவனுக்குத் தமிழ் கைவருமா’ என்று அவர் யாருக்காவது கடிதம் போட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? வந்தார், படித்தார், தேம்பாவணி எழுதினார்.

1,400 சொற்களை ஒரு மாதம் மூடி வையுங்கள். கையில் தொடங்கும் தமிழ்ச் சொற்களை முதலில் எழுதுங்கள். கைமாற்று, கையூட்டு, கைராசி, கைம்மாறு என்று உங்கள் வீட்டில் புழங்குவதே இரண்டு பக்கம் தேறும். அப்புறம் எனக்கு அனுப்புங்கள். அதில் கைதி இருந்தால் பதில் வராது.