பெட் படம் ஏன் இவ்வளவு மங்கல்? – கடிதம்

வணக்கம் சார்,

போன மாதம் அம்மாவுக்கு பெட் (PET) ஸ்கேன் எடுத்தார்கள். ஊசி போட்டுவிட்டு ஒரு மணி நேரம் மங்கிய வெளிச்சத்தில் படுக்க வைத்துவிட்டார்கள். பேசக்கூடாது, போனைப் பார்க்கக்கூடாது என்று கண்டிப்பு. அம்மாவால் பேசாமல் இருக்க முடியாது. ஊசியைவிட அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. படத்தைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை முழுக்கக் கரேலென்று இருந்தது, அடிவயிற்றில் இன்னொரு கரும்புள்ளி. அந்த இரண்டும் எல்லாருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஏன் வருகிறது என்று கேட்க அப்போது தோன்றவில்லை.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். என் சந்தேகம் வேறு. அவ்வளவு பெரிய மெஷின், ஆனால் படம் மசி ஊறிய தாள் மாதிரி இருக்கிறது. பக்கத்திலேயே இருந்த சி.டி. படம் எவ்வளவு கூர்மை! இதை ஏன் இத்தனை வருடமாகச் சரிசெய்யவில்லை? கண்டுபிடித்தவர் யார் என்று தேடினால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். இந்தத் துறையில் என்னைப் போன்றவர்களுக்கு வேலை ஏதும் மிச்சம் இருக்கிறதா? நீங்கள் கொஞ்ச காலம் டிடெக்டர் வேலை பார்த்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மா தேறி வருகிறார் என்று நம்புகிறேன். அவருடைய படத்தில் என்ன இருக்கிறது என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் மெஷினைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

சி.டி.யையும் பெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் வரும் ஏமாற்றம் இது. சி.டி.யில் விளக்கு வெளியே இருக்கிறது. எவ்வளவு வெளிச்சம், எந்தத் திசையில் என்பதெல்லாம் நம் கையில். பெட்டில் விளக்கே நோயாளியின் உடல்தான். ஊசியில் போனது ஒருவகைச் சர்க்கரை, சுருக்கமாக எஃப்.டி.ஜி. குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் இருக்கவேண்டிய ஆக்ஸிஜனை எடுத்துவிட்டு அங்கே கதிரியக்க ஃப்ளோரின்-18ஐ வைத்திருப்பார்கள். செல் இதைச் சர்க்கரை என்றே நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் நொதி வந்து ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிட்டுப் போகும். அடுத்த நொதிக்கு வேண்டிய ஆக்ஸிஜன் அங்கே இல்லை, வேலை நின்றுவிடும். சர்க்கரை செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். பசியெடுத்த செல்லில் அதிகம் மாட்டும்.

அங்கிருந்து ஃப்ளோரின் ஒரு பாசிட்ரானை, அதாவது எலக்ட்ரானின் எதிர்த்துகளை, விடுகிறது. அது திசுவுக்குள் முட்டி மோதி, சராசரியாக அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான தூரம் போய், ஓர் எலக்ட்ரானைச் சந்தித்து இரண்டும் அழியும். அழிந்த இடத்திலிருந்து 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு இரண்டு ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், எதிரெதிர்த் திசையில் கிளம்பும். சுற்றியுள்ள வளையத்தில் இரண்டு டிடெக்டர்கள் சில நானோ நொடிகளுக்குள் ஒன்றாக மின்னினால், அந்த இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கோ ஒரு பாசிட்ரான் செத்திருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று தெரியாது. மெஷினுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். கோடி கோடியாகக் கோடுகளைச் சேர்த்துக்கொண்டு, எல்லாம் எங்கே மொய்க்கின்றன என்று கணக்குப் போட்டுத்தான் படம் வருகிறது.

சரி, மங்கல் எங்கே சேர்கிறது? முதல் தவணை அந்த அரை மில்லிமீட்டர். பாசிட்ரான் பிறந்த இடம் நமக்கு வேண்டும், தெரிவதோ செத்த இடம். இரண்டாவது, எதிரெதிர்த் திசை என்றேனே, அது கச்சிதமான எதிர்த்திசை இல்லை. எலக்ட்ரான் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோதல் நடப்பதால் 180 டிகிரியிலிருந்து கால் டிகிரி போலப் பிசகும். 80 செ.மீ. விட்டமுள்ள வளையத்தில் அந்தப் பிசகு கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டராகிவிடும். இந்த இரண்டும் இயற்கை போட்ட தடை, எந்தப் பொறியாளர் வந்தாலும் முழுதாக விலக்க முடியாது. மூன்றாவது, டிடெக்டருக்குள் ஃபோட்டான் பட்டால் மின்னும் படிகத்தின் அகலம், 3 அல்லது 4 மில்லிமீட்டர். இதற்கு மேல் படமெடுக்கும் நிமிடங்கள் முழுக்க ஆள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறார். எல்லாம் சேர்ந்து 4, 5 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள எதுவும் கரைந்துவிடுகிறது.

ஆனால் நீங்கள் பார்த்த மசிக்கறைக்கு இதைவிடப் பெரிய காரணம் வறுமை. 30 செ.மீ. தடிமனுள்ள உடலின் நடுவிலிருந்து கிளம்பும் ஜோடிகளில் இருபதில் ஒன்று அளவுக்குத்தான் இரண்டு ஃபோட்டான்களும் சேதமில்லாமல் வெளியே வரும். ஒன்று வழியில் மோதிச் சிதறினாலும் அந்த ஜோடி போச்சு. வெளியே வந்ததும் வளையத்தில் விழ வேண்டுமே? வழக்கமான மெஷினின் வளையம் 15 முதல் 25 செ.மீ. நீளம், ஆளோ அதைப்போல ஏழெட்டு மடங்கு. மொத்தத்தில் உடலுக்குள் நடந்த அழிவுகளில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கையில் சிக்குவதில்லை. கிடைத்த கொஞ்சத்தை வைத்து வரைந்தால் படம் பொரிப்பொரியாக வரும். அதைப் பார்க்கிற மாதிரி ஆக்க, வேண்டுமென்றே தேய்த்து மென்மையாக்குகிறார்கள். அம்மாவின் படத்தில் பாதி மங்கல் அப்படி வந்ததாகக்கூட இருக்கலாம். மருந்தைக் கூட்டி ஊற்றினால் கோடுகள் கூடும், கதிரியக்கமும் கூடும். அதனால்தான் இந்தத் துறையில் எல்லா முயற்சியும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது: உடலிலிருந்து வருவதை வீணடிக்காமல் பிடிப்பது.

இதை ஏன் இத்தனை வருடம் சரிசெய்யவில்லை என்று கேட்டீர்கள். சரிசெய்துகொண்டேதான் இருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு எங்கிருந்தோ ஒரு பொருள் வந்து சேரக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒற்றைப் பெயர் உங்களுக்குக் கிடைக்காததும் அதனால்தான்.

பாசிட்ரானை கார்ல் ஆண்டர்சன் 1932இல் பார்த்துவிட்டார். 1951 வாக்கில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கோர்டன் பிரவுனலும் வில்லியம் ஸ்வீட்டும் தலையின் இரு பக்கமும் சோடியம் அயோடைடு டிடெக்டரை வைத்து மூளைக் கட்டியைத் தேடினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் குழு 32 டிடெக்டர்களைத் தலையைச் சுற்றி வளையமாகவே அடுக்கிவிட்டது. பார்க்க அசல் பெட் ஸ்கேனர்தான். ஆனால் கோடுகளிலிருந்து குறுக்குவெட்டுப் படத்தை ஒழுங்காக மீட்டெடுக்கும் கணக்கு அவர்கள் கையில் இல்லை. வளையம் இருந்தது, படம் இல்லை. எனக்கு இந்த மெஷினை நினைத்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய திருப்பம் 1971இல் வந்தது. ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் ஃபூரியர் மாற்றம் என்ற கணித வழியில் சுற்றி வளைக்காமல் நேராகப் படத்தைக் கட்டும் வழியை எழுதினார்கள். இருவர் பெயரையும் ஒட்டி ராம்-லாக் வடிகட்டி என்று இன்றும் மென்பொருள் பட்டியல்களில் இருக்கிறது. அதைச் சொடுக்குகிற பாதிப் பேருக்கு அது இரண்டு மனிதர்களின் பெயர் என்று தெரியாது. அதே ஆண்டு சி.டி.யும் வந்துவிட்டது. அப்புறம் எழுபதுகளின் நடுவில் செயின்ட் லூயிஸில் மிஷேல் டெர்-பொகோசியன், மைக்கேல் ஃபெல்ப்ஸ், எட்வர்ட் ஹாஃப்மன் மூவரும் இன்று நாம் பெட் என்று சொல்லும் வடிவத்துக்கு வந்தார்கள். 1976 ஆகஸ்டில் புரூக்ஹேவனில் தயாரித்த எஃப்.டி.ஜி.யை விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோய் முதல் தடவையாக மனிதருக்குச் செலுத்தினார்கள். ஃப்ளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகக் குறையும். தாமதமானால் வந்து சேருவது வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான்.

இதில் யாரைக் கண்டுபிடித்தவர் என்பது? ஒருவரைச் சொன்னால் பத்துப் பேரை விட்டதாகும். நான் சொல்லமாட்டேன்.

படிகத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். சோடியம் அயோடைடு ஈரத்தை இழுத்துக் கெட்டுப்போகும், 511ஐ நிறுத்தவும் அதற்குத் தெம்பு போதாது. எழுபதுகளின் பிற்பாதியில் பிஸ்மத் ஜெர்மனேட் வந்தது. நன்றாக நிறுத்தும், ஆனால் மின்னல் மங்கல், அணைய 300 நானோ நொடி ஆகும். ஃபோட்டான்கள் வரும் நேரத்தை நுட்பமாக அளந்தால் அழிவு கோட்டின் எந்தப் பக்கம் நடந்தது என்று ஊகிக்கலாம் என்ற யோசனை அப்போதே இருந்தது. எண்பதுகளில் வேகமான வேறு படிகங்களை வைத்து மெஷினும் செய்து பார்த்தார்கள். அவை வேகம், ஆனால் ஃபோட்டானை நழுவவிட்டன. யோசனையைப் பரணில் போட்டார்கள். பிறகு எண்ணெய்க் கிணறுகளின் பாறையைச் சோதிக்கும் ஷ்லம்பர்ஷே ஆய்வகத்தில் சார்லஸ் மெல்ச்சர் லுட்டீசியம் ஆர்த்தோசிலிகேட்டைக் கண்டெடுத்தார், சுருக்கமாக எல்.எஸ்.ஓ. நன்றாக நிறுத்தும், பிரகாசமாக மின்னும், 40 நானோ நொடியில் அணையும். பரணில் கிடந்த யோசனை 2006 வாக்கில் மருத்துவமனைக்கு வந்துவிட்டது.

இந்தப் படிகத்திடம் நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். சேர்ந்த புதிது. 4 மி.மீ. சதுரம், 20 மி.மீ. நீளம், கண்ணாடிக்குச்சி மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் கண்ணாடிக்கு இவ்வளவு கனமா என்று தோன்றும், ஏறக்குறைய இரும்பின் அடர்த்தி. வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றி, ஒரு முனையில் கிரீஸ் தடவி, மின்னலை மின்துடிப்பாக மாற்றும் ஒளிக்குழாயோடு ஒட்டி, கருப்புப் பெட்டியில் மூடினேன். கதிரியக்கப் பொருள் எதுவும் வைக்கவில்லை. ஆசிலோஸ்கோப்பில் துடிப்பு துடிப்பாக வந்துகொண்டே இருக்கிறது! எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று முடிவுகட்டி, பெட்டியின் இண்டு இடுக்கெல்லாம் கருப்பு டேப் ஒட்டினேன். மேலே கருப்புத் துணி போட்டேன். அறை விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு நாள் போயிற்று. மூத்த பொறியாளர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "படிகத்தையே வெளியே எடுத்தால் நின்றுவிடும்" என்றார். லுட்டீசியத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு போல லுட்டீசியம்-176 இருக்கிறது. அதுவே கதிரியக்கம் உள்ளது. அரையாயுள் சுமார் 3,700 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதைவிட அதிகம், அதனால் ஓயும் என்று காத்திருக்க வழியில்லை. இந்தத் தொல்லையையே வைத்து, சில மெஷின்கள் தினமும் தங்களைத் தாங்களே சரிபார்த்துக்கொள்கின்றன.

இப்போது போட்டி நேரத்தில்தான். ஒளி ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். பிக்கோ நொடி என்பது அதில் ஆயிரத்தில் ஒன்று. இரண்டு ஃபோட்டான்களின் வருகையை 200 பிக்கோ நொடி நுட்பத்தில் பிரித்தால், கோட்டில் 3 செ.மீ. துண்டுக்குள் அழிவைக் குறுக்கிவிடலாம். இன்றைய நல்ல மெஷின்கள் இந்த அளவில் இருக்கின்றன. 10 பிக்கோ நொடி வந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்; கணக்குப் போட்டு மீட்கவே வேண்டாம், புள்ளியை வைத்துக்கொண்டே போகலாம். 2021இல் ஒரு குழு ஆய்வகத்தில் 32 பிக்கோ நொடியைத் தொட்டு, மீட்புக் கணக்கு இல்லாமலே படமெடுத்துக் காட்டியது. மனிதரைப் படுக்க வைக்கும் மெஷின் அல்ல, இரண்டு டிடெக்டர்கள்தான். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொரு கட்சி வளையத்தையே நீட்டிவிட்டது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் சைமன் செர்ரி, ராம்சி படாவி குழு முன்னின்று உருவாக்கிய எக்ஸ்ப்ளோரர் 194 செ.மீ. நீளம், ஐந்து லட்சத்துக்கும் மேல் படிகங்கள். 2018இல் முதல் மனிதப் படம் வந்தது. ஆள் முழுதாக உள்ளே போய்விடுவதால் மருந்தையோ நேரத்தையோ பல மடங்கு குறைக்கலாம். காசைக் கொட்டிச் செய்த காரியம் என்று முதலில் முகம் சுளித்தவன் நான். படங்களைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். போலந்தின் யாகியெல்லோனியன் பல்கலைக்கழகத்தில் படிகத்துக்குப் பதில் நீளமான பிளாஸ்டிக் பட்டைகளை வைத்து முயல்கிறார்கள். விலையின் கழுத்தைப் பிடிக்கும் வழி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

உங்களுக்கு வேலை இருக்கிறதா என்றால், எலக்ட்ரானிக்ஸ்காரருக்குத்தான் அதிகம் இருக்கிறது. பழைய ஒளிக்குழாய்கள் போய் சிலிக்கான் வந்துவிட்டது; அது தரும் துடிப்பின் அளவு சூட்டுக்கு ஏற்ப மாறும். பல்லாயிரம் இணைப்புகளுக்கும் ஒரே கடிகாரத்தைப் பிக்கோ நொடி பிசகாமல் கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் ஒரே போர்டில் இரைச்சலைத் தேடுவீர்கள், நோயாளியைக் கண்ணால் பார்க்கமாட்டீர்கள். அது ஒத்துவரும் என்றால் போங்கள்.

அப்புறம், அந்தக் கருப்பு. சர்க்கரை எங்கே அதிகம் சேர்கிறதோ அங்கே அம்மாவின் படம் கறுத்திருக்கிறது. மூளை ஓயாமல் சர்க்கரை தின்னும், அதனால் தலை. சாதாரணக் குளுக்கோஸைச் சிறுநீரகம் திரும்ப எடுத்துக்கொள்ளும், இந்தப் போலிச் சர்க்கரையைச் சரியாக எடுக்காது. அது சிறுநீர்ப்பையில் போய்ச் சேரும், அதனால் அடிவயிறு. அம்மாவைப் பேசக்கூடாது என்றதும் இதே கணக்குதான். அந்த ஒரு மணி நேரம் எந்தத் தசை வேலை செய்கிறதோ அது சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அவர் பேசிக்கொண்டிருந்திருந்தால் குரல்வளையின் சின்னத் தசைகளும் படத்தில் கருப்பாக வந்திருக்கும், டாக்டர் அதைப் பார்த்து இது என்ன என்று தலையைச் சொறிந்திருப்பார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.