கரண்ட்டு வெச்சு 2 வருஷம் ஆச்சு, யூரினை அடக்கவே முடியல

கேள்வி: டாக்டர் அம்மா, எனக்கு வயசு 51, தையல் வேலை பாக்குறேன். கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு 25 நாள் கரண்ட்டு (ரேடியேஷன்), வாரம் ஒரு கீமோ, அப்புறம் உள்ளயும் கரண்ட்டு வெச்சாங்க. 2 வருஷம் ஆச்சு, கேன்சர் இல்லைன்னுட்டாங்க. ஆனா அரை மணிக்கு ஒரு தடவை யூரின் முட்டுது, மெஷினை விட்டு எந்திரிக்கிறதுக்குள்ள நனைஞ்சிடுது. பஸ்ல போகணும்னா முந்தின ராத்திரியே தண்ணிய நிறுத்திடுவேன். மகள்கிட்ட சொல்லக்கூட வெக்கமா இருக்கு. இப்படியேதான் இருக்குமா?
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: தண்ணிய மட்டும் நிறுத்தாதீங்கம்மா, அதைத்தான் முதல்ல சொல்லணும். தண்ணி குறைஞ்சா யூரின் கெட்டியாகி, ஏற்கெனவே புண்பட்ட மூத்திரப்பையை இன்னும் எரிக்கும், அவசரம் கூடத்தான் செய்யும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது பகல்லயே கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, சாயங்காலத்துக்கு மேல குறைச்சுக்கலாம். டீ, காபியை ஒண்ணு ரெண்டோட நிறுத்திப் பாருங்க.

மூத்திரப்பை கர்ப்பப்பை வாய்க்கு நேர் முன்னாடி ஒட்டினாப்புல இருக்கு, கரண்ட்டு அதுமேலயும் படத்தான் செய்யும். கொசுவம் வெச்ச துணி இழுத்தா விரியும், கொசுவத்து மேலயே தையல் போட்டுட்டா விரியுமா? அப்படித்தான் 400 மில்லி பிடிச்ச பை இறுகிப்போய்க் கொஞ்சத்துலயே முட்டுது.

மில்லி கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒண்ணு வாங்கி, 3 நாள் எத்தனை மணிக்கு எவ்ளோ போச்சு, எப்போ கசிஞ்சுதுன்னு நோட்டுல எழுதுங்க. காலையில 300, பகல்ல 80ன்னு வந்தா பைக்கு இன்னும் இடம் இருக்கு, பழக்கலாம். எப்பவுமே 80தான்னா பை சுருங்கியிருக்கலாம், யூராலஜி டாக்டர் பாக்கணும். அவசரம் வந்ததும் ஓடாதீங்க, ஓடும்போதுதான் கசியும். உக்காந்த இடத்துலயே, காத்து போகாம அடக்குற மாதிரி 5, 6 தடவை இறுக்கி விடுங்க, அந்த அலை தணிஞ்சதும் மெதுவா நடந்து போங்க. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல உள்ள நேரத்தை வாரத்துக்கு 10 நிமிஷம் கூட்டினாலே போதும். அவசரத்தைத் தணிக்கிற சோலிஃபெனாசின் மாதிரி மாத்திரையும் இருக்கு, ஆனா போனப்புறம் பையில எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு ஸ்கேன்ல பாத்துட்டுதான் ஆரம்பிக்கணும்.

இந்த கேன்சருக்காகக் கர்ப்பப்பையை ஆபரேஷன்ல எடுத்தவங்கள்ல சிலருக்கு இது தலைகீழா இருக்கலாம், நரம்பு அடிபட்டு முட்டுற உணர்ச்சியே வராது. அவங்க கடிகாரம் பாத்து 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும், சிலர் தாங்களே சின்ன டியூப் விட்டு எடுக்கப் பழகணும்.

யூரின்ல ரத்தம், குளிர் காய்ச்சல், ரத்தம் கட்டி கட்டியா வந்து யூரின் அடைச்சுக்கிறது, இல்ல தூக்கத்துல கூட கீழ் வழியா விடாம ஒழுகுறது, இதுல எது வந்தாலும் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி நாளைக் கடத்தாதீங்க. கரண்ட்டு வெச்சுப் பல வருஷம் கழிச்சுக்கூட வரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

செக்கப்புல நாங்க ரத்தம் படுதா, வலி இருக்கான்னு மட்டும் கேட்டு அனுப்பிடுறோம், அது எங்க தப்பு. கரண்ட்டு வெச்ச இடத்துக்கே மகளையும் கூட்டிட்டுப் போங்க, வாயில சொல்ல வரலைன்னா அந்த நோட்டை எடுத்து நீட்டுங்க.