படுத்தா கால் சும்மா இருக்க மாட்டேங்குது, தூக்க மாத்திரை போடலாமா?

கேள்வி: எனக்கு 41 வயசு. ராத்திரி படுத்து கொஞ்ச நேரத்துலயே முழங்காலுக்குக் கீழ உள்ளுக்குள்ள ஏதோ ஊர்ற மாதிரி, இழுக்குற மாதிரி இருக்கு, வலின்னும் சொல்ல முடியல. எழுந்து நடந்தா போயிடுது, மறுபடி படுத்தா வந்துடுது. வெரிகோஸ் வெயின் இல்லன்னு ஸ்கேன்ல சொல்லிட்டாங்க, ஹீமோகுளோபின் 12.4, அதுவும் நார்மல். தூக்கம் வரட்டுமேன்னு ஒருநாள் அலர்ஜி மாத்திரை போட்டேன், அன்னிக்குதான் ரொம்ப மோசம். பேசாம தூக்க மாத்திரை கேட்டு வாங்கிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. இதுக்குப் பேரு ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம். இத கண்டுபிடிக்க ஸ்கேனும் கிடையாது, நரம்பு டெஸ்ட்டும் கிடையாது, கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்: காலை அசைச்சே ஆகணும்னு தோணுதா, சும்மா இருக்கும்போது கூடுதா, நடந்தா குறையுதா, சாயங்காலம் ராத்திரியில அதிகமா. எல்லாத்துக்கும் ஆமான்னா, வேற காரணம் எதுவும் இல்லன்னு பாத்துட்டு முடிவு பண்ணிடலாம். கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குறது வேற, அதுல சதை இறுகி வலி உயிர் போகும். சுகர்காரங்களுக்கு வர்ற உள்ளங்கால் எரிச்சலும் வேற, அது நடந்தா அடங்காது. இந்தத் தொந்தரவ 17ஆம் நூற்றாண்டுலயே தாமஸ் வில்லிஸ்னு ஒரு டாக்டர் எழுதி வச்சுட்டாரு, 1945ல எக்பாம்னு ஸ்வீடன் நரம்பியல் டாக்டர் முழுசா விவரிச்சாரு, ஆனா இன்னிக்கும் "உங்களுக்கு டென்ஷன்மா"ன்னு சொல்லி அனுப்புறது நின்னபாடில்ல.

அந்த அலர்ஜி மாத்திரை விஷயத்துக்கு வரேன். டைஃபென்ஹைட்ரமின் மாதிரி தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மருந்துங்க இந்தக் கால் தொந்தரவ கிளப்பி விடும், சளி மாத்திரைலயும் இதே வகை மருந்து கலந்திருக்கும், அதனால தூங்கலாம்னு போட்டவங்க ராத்திரி பூரா வீட்டுக்குள்ள நடந்துட்டு இருப்பாங்க. வாந்திக்குக் குடுக்குற மெட்டோக்ளோப்ரமைடு, மனச்சோர்வுக்குக் குடுக்குற மிர்டாசபின், செர்ட்ராலின் வகை மாத்திரைங்க கூட சிலருக்கு இத பண்ணும். டாக்டர்கிட்ட போகும்போது வீட்ல இருக்குற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க, மெடிக்கல் ஷாப்புல நீங்களே வாங்கினதும் சேத்துதான். மனச்சோர்வு மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க, மாத்தறதா வேண்டாமான்னு எழுதிக் குடுத்தவர் பாத்துக்குவாரு.

அடுத்தது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் நார்மல்னா இரும்பு போதும்னு அர்த்தம் இல்ல. மூளையில டோபமின்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்புங்க சேதி கடத்துறதுக்கு, அது சரியா வேலை செய்ய இரும்பு வேணும், ரத்தத்துல அளவு சரியா இருந்தும் மூளைக்குப் போறது குறைவா இருக்கலாம். அதனால நாங்க பாக்குறது ஃபெரிட்டின், அதாவது உடம்புல சேமிப்புல இருக்குற இரும்போட அளவு, கூடவே டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல இரும்ப சுமக்குற புரதத்துல எவ்வளவு இரும்பு ஏறியிருக்குங்கறது. லேப் ரிப்போர்ட்ல ஃபெரிட்டின் 22ன்னு வந்தா பக்கத்துல எந்தக் குறியும் போட மாட்டாங்க, நிறைய லேப்ல நார்மல் 15ன்னோ அதுக்கும் கீழயோ ஆரம்பிக்குது, நீங்களும் சரியா இருக்குன்னு மடிச்சு வச்சுடுவீங்க. ஆனா இந்தத் தொந்தரவு இருக்குறவங்களுக்கு 75 அல்லது அதுக்குக் கீழ இருந்தாலே இரும்பு குடுத்துப் பாப்போம். காலையில வெறும் வயித்துல எடுங்க, காய்ச்சல் இருக்கும்போது எடுக்காதீங்க, அப்ப ஃபெரிட்டின் பொய்யா ஏறி இருக்கும்.

குறைவா இருந்தா மாத்திரைய தினமும் ஒரு வேளை, இல்லன்னா ஒருநாள் விட்டு ஒருநாள், வைட்டமின் சி கூட. டீ காபி பாலோட சேத்து போடக் கூடாது, உள்ள ஏறாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் பாக்கணும். வயிறு ஒத்துக்கலன்னாலோ மாத்திரையில அளவு ஏறலன்னாலோ ரத்தக்குழாய் வழியா ஏத்துற இரும்பு இருக்கு, அது ஆஸ்பத்திரியில வச்சு செய்ய வேண்டியது. டெஸ்ட் பண்ணாம பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்கன்னு இரும்பு மாத்திரை போடாதீங்க, சிலருக்கு உடம்புல ஏற்கனவே இரும்பு சேந்து போயிருக்கும். அப்புறம் இரும்பு ஏன் குறையுதுன்னும் பாக்கணும், உங்க வயசுல பீரியட்ஸ்ல ரத்தம் அதிகமா போறது முதல் சந்தேகம். கிட்னியும் ஒரு தடவ பாத்துடறது நல்லது, கிட்னி கெட்டவங்களுக்கு இது சகஜம். கர்ப்பத்தோட கடைசி மாசங்கள்லயும் வரும், அது பெரும்பாலும் பிரசவத்துக்கு அப்புறம் தானா அடங்கிடும்.

இதெல்லாம் பண்ணியும் கால் அடங்கலன்னாதான் மருந்து. பிரமிபெக்சோல், ரோபினிரோல்னு டோபமின் வகை மாத்திரைங்க முதல் ராத்திரியே பலன் குடுக்கும், ஆஹான்னு இருக்கும். சிக்கலே அங்கதான். மாசக்கணக்குல, வருஷக்கணக்குல போட்டா தொந்தரவு ராத்திரி பத்து மணிக்கு வந்தது சாயங்காலம் ஆறுக்கே வரும், அப்புறம் மத்தியானம், கைக்கும் பரவும், டோஸ் ஏத்த ஏத்த இன்னும் மோசமாகும். சிலருக்கு சூதாடணும், கண்டதையும் வாங்கணும்னு அடக்க முடியாத வெறியே வந்துடும். அதனால இப்ப தூக்க நிபுணர்கள் முதல்ல நரம்பு வலிக்கும் குடுக்குற கபாபென்டின், ப்ரீகாபாலின் பக்கம்தான் போறோம், தலைசுத்தலும் எடை ஏறுறதும் அதுல இருக்கு, ஆனாலும் அந்த வம்பு இல்ல. ஏற்கனவே டோபமின் மாத்திரை போட்டுட்டு இருக்குறவங்க இத படிச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா நிறுத்திடாதீங்க, மெதுவா குறைக்கணும்.

ராத்திரி சமாளிக்க சாயங்காலத்துக்கு மேல காபி வேண்டாம், மதுவும் வேண்டாம், வெந்நீர்ல கால வைக்கிறது, கெண்டைக்கால நீவி விடறது எல்லாம் ஓரளவு கேக்கும்.

தூக்கத்துல எலக்ட்ரோடு ஒட்டி எடுக்குற ஸ்லீப் ஸ்டடி உங்களுக்கு இப்ப தேவையில்ல. குறட்டை பலமா விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறுறீங்கன்னு வீட்ல சொன்னா மட்டும் எடுத்துடுங்க, அது ஸ்லீப் ஆப்னியா, அதுக்கு வைத்தியமே வேற.