வீட்டு சர்வரில் காப்பி வேகம் 11 மெகாபைட்டைத் தாண்டவில்லை: எங்கிருந்து தேடுவது?

ஸ்விட்ச், சர்வர், பிசி மூன்றும் கிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட்), எல்லாம் கேபிளில்தான். ஆனாலும் பெரிய ஃபைலைக் காப்பி செய்தால் விநாடிக்கு 11 மெகாபைட்டிலேயே நிற்கிறது, சாம்பாவில் (சர்வர் ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் மென்பொருள்) எந்த செட்டிங்கை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். அந்த 11-லேயே பாதி பதில் இருக்கிறது. 100 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 12.5, ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேர்ந்து போகும் ஹெடர் தகவலுக்குப் போக மிஞ்சுவது 11, 11.5. டிஸ்க் திணறினால் வேகம் பெரும்பாலும் ஏறி இறங்கும், இப்படி ஒரே இடத்தில் நிற்காது. எங்கோ ஒரு இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது என்பதுதான் என் சந்தேகம்.

சரி, அதை உறுதி செய்யுங்கள். ஃபைல் காப்பியை வைத்து நெட்வொர்க்கை அளக்க முடியாது. இரண்டு பக்க டிஸ்க், சாம்பா, ப்ராசஸர் எல்லாம் அதில் கலந்துவிடும். ஐபெர்ஃப்3 என்ற கருவி டிஸ்க்கைத் தொடாமல் நெட்வொர்க்கை மட்டும் சோதிக்கும். சர்வரில் அதை ஓடவிட்டு பிசியிலிருந்து இணையுங்கள். பிறகு ரிவர்ஸ் ஆப்ஷன் கொடுத்து எதிர்த் திசையிலும் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிகாபிட்டில் 940 மெகாபிட் அளவுக்கு வர வேண்டும். 94 வந்தால் சந்தேகம் சரி.

அடுத்து சர்வரில் ஈத்டூல், இணைப்பு எந்த வேகத்தில் ஓடுகிறது என்று காட்டும் லினக்ஸ் கட்டளை. ஸ்பீட் வரியில் 100 என்று இருந்தால் முதலில் கேபிளைப் பிடியுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை என்ற இரண்டே போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி பிளக்கில் சரியாக உட்காராவிட்டாலும் பெரும்பாலும் இணைப்பு செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு எரிகிறதே என்று கேபிளை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்! கேபிளை மாற்றிவிட்டு ஈத்டூலை மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் ஸ்விட்ச் போர்ட்டை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும். சர்வரில் 1000 என்று காட்டினால் பிசி பக்கமும் இதையே செய்யுங்கள்.

ஐபெர்ஃப்3-இல் 940 வந்தும் காப்பி மந்தமா? அப்போது நெட்வொர்க்கை விட்டுவிடலாம். சர்வரிலேயே டிஸ்க் வேகத்தை எஃப்ஐஓ என்ற கருவியை வைத்து அளந்து, காப்பி ஓடும்போது ப்ராசஸரில் ஏதாவது ஒரு கோர் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று எச்டாப் என்ற கருவியில் பாருங்கள். அதற்கப்புறம் சாம்பா செட்டிங்கைத் தொடலாம்.