ஜன்னல் திண்டில் ஒரு நோட்டு

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி ஆசிரியை. 'தொழுநோயும் மனித உரிமையும்' என்ற தலைப்பில் சக ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதல் நாள் நோயைப் பற்றி, இரண்டாம் நாள் உரிமைகளைப் பற்றி என்று பிரித்திருக்கிறேன். எந்த வகுப்பிலிருந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்? விரல் இழந்தவர்களின் படங்களைத் திரையில் காட்டினால் மனதில் பதியும் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒரு வினாடி வினாவும் உண்டு. அந்தப் பாவப்பட்ட மனிதர்கள் மேல் பிள்ளைகளுக்கு இரக்கம் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. உங்கள் யோசனை என்ன?

ஓர் ஆசிரியை (பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சர்,

கொஞ்ச நாளாகவே நான் படித்த ஐந்தாம் வகுப்பு அறை அடிக்கடி நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

எந்த வகுப்பிலிருந்து என்பது பெரிய கேள்வியே இல்லை. சொல்கிறவருக்குப் பயம் இல்லையென்றால் மூன்றாம் வகுப்புக்கும் சொல்லலாம். வினாடி வினா உங்கள் விருப்பம்.

படங்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கை யாருடையது? திரையில் காட்ட அவரிடம் கேட்டார்களா? உங்கள் அப்பாவின் கையாக இருந்தால் காட்டுவீர்களா? கிருமி விரலைத் தின்பதில்லை டீச்சர். அது நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு மரத்துப்போனால் சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. தெரியாத காயம் புண்ணாகிச் சீழ்வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரல் போகிறது. சீக்கிரமே மருந்து சாப்பிட்டால் அந்த நிலையே வராது. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஆரம்பத்தில் வருகிற தேமலைக் காட்டுங்கள். தோலைவிட வெளிறியோ சிவந்தோ இருக்கும், தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும். அதைப் பார்க்கிற பிள்ளை தன் கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொள்ளும். விரல் இல்லாத கையைப் பார்த்தால் பயம்தான் வரும்.

அடுத்தது இரக்கம். இதைத்தான் உங்களிடம் கோபமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'பாவப்பட்ட' என்ற சொல்லை உங்கள் குறிப்பிலிருந்து அடித்துவிடுங்கள். என் ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு இரக்கம் நிறையவே இருந்தது. நான் பார்த்த ஆசிரியர்களிலேயே பிள்ளைகள் மேல் கை நீட்டாதவர் அவர். எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பாவுக்குத் தொழுநோய் வந்து குணமாகியிருந்தது. அது தெரியவந்த மறுநாள் வாத்தியார் அவளைக் கதவோரத்துப் பெஞ்சுக்கு மாற்றினார். அதட்டவில்லை. "அங்கே காத்து நல்லா வரும்மா" என்றார். எல்லார் நோட்டும் மேசையில் அடுக்கப்படும், அவள் நோட்டு மட்டும் ஜன்னல் திண்டில். பள்ளி விடும் நேரத்தில் அவள் தலையைத் தடவிக்கொடுக்கக் கை தூக்கிவிட்டு, தொடாமலே கையை இறக்கிக்கொண்டார். அது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதே மாதம் தொழுநோய்ப் பாடத்தையும் அவர்தான் நடத்தினார். கிருமியால் வருகிறது, 1873இல் நார்வேக்காரர் ஹான்சன் கண்டுபிடித்தார், பரம்பரையாக வராது, தொட்டால் ஒட்டாது. ஒரு வரிகூடத் தப்பில்லை. கதவோரம் உட்கார்ந்து அவளும் அதைக் கேட்டாள்.

உங்கள் முதல் நாளில் இதையெல்லாம் அழகாகச் சொல்லிவிடுவீர்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கூட்டு மருந்து, 1995 முதல் உலக சுகாதார நிறுவனம் வழியாக இலவசம், மருந்து தொடங்கியதுமே பரவுவது நின்றுவிடும், பெரும்பாலான உடல்களுக்கு இயற்கையாகவே எதிர்ப்பு உண்டு. எல்லாம் சரி. என் வாத்தியாருக்கு இதில் பாதி தெரிந்திருந்தது. தெரிந்தும் கை கீழே போயிற்று.

ஜப்பானில் நாகஷிமா என்ற தீவில், தொழுநோய் விடுதிக்குள்ளேயே 1955இல் ஓர் உயர்நிலைப் பள்ளி திறந்தார்கள். நோய்க்கு மருந்து வந்து பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. ஆனாலும் மாணவர்கள் ஆசிரியர் அறைக்குள் போகக் கூடாது, மணியடித்துத்தான் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். படித்தவர்கள், பாடம் சொல்லிக்கொடுக்கவென்றே கடல் தாண்டி வந்தவர்கள். அதற்கு முந்தைய வருடம் அதே நாட்டில் குமமோட்டோ நகரில், நோயே இல்லாத பிள்ளைகளை, பெற்றோர் விடுதியில் இருக்கிறார்கள் என்பதற்காகப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று மற்ற பெற்றோர்கள் போராடினார்கள். நோயாளிகளை விடுதியில் அடைத்துவைக்கச் சொன்ன சட்டம் 1996இல்தான் போனது. அது அரசியல் சாசனத்துக்கே விரோதம் என்று 2001இல் நீதிமன்றம் சொன்னது. அந்த மணி யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள் டீச்சர்.

அதனால் நோய் ஒரு நாள், உரிமை ஒரு நாள் என்று பிரிக்காதீர்கள். 2010 டிசம்பரில் ஐநா பொதுச்சபை வரவேற்ற கோட்பாடுகளில் ஒன்று, தொழுநோயைக் காரணம் காட்டி யாரையும் பள்ளியில் சேர்க்க மறுக்கவோ வெளியேற்றவோ கூடாது என்கிறது. குடும்பத்தாரையும் சேர்த்தே சொல்கிறது. முதல் மணி நேரத்திலேயே அதைப் படித்துவிட்டு, ஆசிரியர்களிடம் கேளுங்கள்: உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் எந்தப் பெஞ்சு? நோட்டை எங்கே வைப்பீர்கள்? பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பையன் எழுந்து நின்றால் என்ன சொல்வீர்கள்? அவன் அம்மா மறுநாள் வந்து சண்டை போட்டால்? வாயால் பதில் வாங்காதீர்கள், நடித்துக் காட்டச் சொல்லுங்கள். பயப்படுகிறவர் பயத்தைச் சொல்லட்டும், திட்டாதீர்கள். இது எதையும் என் வாத்தியாரிடம் யாரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அப்புறம், நோய் வந்து குணமானவர் ஒருவரை அழையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் மேடையேற்றிச் சால்வை போட்டு அனுப்புவதற்கு இல்லை. பயிற்சி நடத்துகிறவராக, இரண்டு நாளும். டாக்டருக்கு என்ன மரியாதையோ, என்ன சம்பளமோ, அதே அவருக்கும். சாப்பாட்டு நேரத்தில் யார் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறார்கள், யாருக்குத் திடீரென்று போன் வருகிறது என்று கவனியுங்கள்.

அந்தப் பெண் காலாண்டுத் தேர்வு எழுதினாள். அதற்கப்புறம் வரவில்லை. நோட்டு அடுக்குவது அப்போது வகுப்புத் தலைவன் வேலை. வகுப்புத் தலைவன் நான்தான். அவள் நோட்டை ஓரத்தில் பிடித்துத் தூக்கி ஜன்னலில் வைத்ததும் நான்தான். 'தொழுநோய் பரம்பரை நோயா?' என்று அந்தத் தேர்வில் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அவள் என்ன எழுதினாள் என்று தெரியாது. அவள் விடைத்தாளும் ஜன்னலில்தான் இருந்தது.