சேஸிங் ஆரம்பித்ததும் டிவி நின்றுவிடுகிறதா?

கேள்வி: அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். போன வருஷம் கேபிளை எடுத்துவிட்டு, என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு ஸ்மார்ட் டிவியில் பார்க்கிறோம். 4ஜி சிம், தினம் 2 ஜிபி. ஸ்பீடு டெஸ்ட்டில் 8 எம்பிபிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் ராத்திரி 8 மணி சீரியலை லைவ்வில் போட்டால் நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று சுற்றுகிறது, அத்தைக்குக் கோபம். ஐபிஎல் மேட்ச் முதல் இன்னிங்ஸ் எப்படியோ ஓடிவிடும், சேஸிங் ஆரம்பித்ததும் சுத்தமாக நின்றுவிடுகிறது. டவர் சரியில்லை, சிம்மை மாற்று என்கிறார் கணவர். ஆன்லைனில் சிக்னல் பூஸ்டர் விற்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: பூஸ்டர் வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. மேட்ச் நிற்பதற்கும் சீரியல் நிற்பதற்கும் காரணம் வேறு வேறு.

மேட்ச் விஷயத்தில் டவர் மீது பழி போடுவதற்கு முன் ஒரு கணக்கு. 1 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் வீடியோ ஓடினால் 450 எம்பி தீரும். 720பி என்கிற படத் தெளிவுக்குச் சுமார் 2.5 எம்பிபிஎஸ் வேண்டும். அதாவது மணிக்கு 1.1 ஜிபிக்கு மேல். ஏழரைக்கு மேட்ச் ஆரம்பித்தால் உங்கள் 2 ஜிபி ஒன்பதே கால் வாக்கில் காலி. முதல் இன்னிங்ஸ் முடிகிற நேரமும் அதுதான்! அதற்கு மேல் பல பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வாட்ஸ்அப் செய்தி போகும், வீடியோ நகராது. சந்தேகம் இருந்தால் அடுத்த மேட்ச் அன்று, டேட்டா தீர்ந்தது என்ற எஸ்எம்எஸ் எத்தனை மணிக்கு வருகிறது என்று பாருங்கள். கணவரிடமும் காட்டுங்கள்.

இதே மேட்சை 480பியில் பார்த்தால் மணிக்கு 500 எம்பிதான். மூன்றரை மணி நேரத்துக்கு ஒன்றே முக்கால் ஜிபி. பகலில் ரீல்ஸ் பார்க்காமல் இருந்தால் கடைசி ஓவர் வரை தாங்கும். 32 இன்ச் டிவியில் எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது ஸ்கோர் எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி சீரியல். 480பிக்கு ஏறக்குறைய 1.1 எம்பிபிஎஸ் போதும் என்றால், 8 எம்பிபிஎஸ் இருந்தும் ஏன் சுற்றுகிறது? ஸ்பீடு டெஸ்ட் சில நொடிகள்தான் ஓடுகிறது. மோட்டார் போட்டதும் குழாயில் பீய்ச்சுகிற தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு, வயல் முழுக்க இப்படியே பாயும் என்று நம்புகிற மாதிரி அது. வீடியோவுக்கு வேண்டியது அந்த உச்ச வேகம் இல்லை. விட்டு விட்டு வராமல் ஒரே சீராக வருகிற தண்ணீர். ராத்திரி 8 மணிக்கு ஊரே போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. டவரின் ஒரு பக்கத்து வேகத்தை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கேபிளிலும் டிஷ்ஷிலும் இந்தத் தொல்லை கிடையாது. கோயில் ஒலிபெருக்கிப் பாட்டு மாதிரி, பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் ஒன்றுதான். நெட்டில் அப்படி இல்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் பரிமாற வேண்டும்.

லைவ்வுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. பழைய படம் பார்க்கும்போது ஆப் அடுத்த சில நிமிஷத்துக் காட்சிகளை முன்கூட்டியே இறக்கி, தொட்டியில் தண்ணீர் நிரப்புவது போல வைத்துக்கொள்ளும். நடுவில் நெட் அரை நிமிஷம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. லைவ்வில் அடுத்த பந்தை இன்னும் போடவே இல்லையே, எதை இறக்கி வைப்பது? வீடியோ சில நொடித் துண்டுகளாக வருகிறது, கையிருப்பு இரண்டு மூன்று துண்டுகள்தான். ஒரு துண்டு தாமதமானால் சக்கரம் சுற்றும். போதாததற்கு, தரம் ‘ஆட்டோ’வில் இருந்தால், நெட் ஒரு கணம் நன்றாக வந்ததும் ஆப் ஆசைப்பட்டு 1080பிக்குத் தாவும், அடுத்த கணம் நெட் படுத்ததும் திணறும். உங்கள் வீட்டுச் சுற்றலில் பாதி இந்தத் தாவலால்தான் என்பது என் ஊகம்.

அதனால் முதலில் ஆட்டோவை விட்டுவிட்டு 480பியில் பூட்டுங்கள். டிவி ஆப்பில் அந்த வசதி இல்லாவிட்டால் வேறு ஒரு வழி இருக்கிறது. சிம் போடுகிற சில 4ஜி ரவுட்டர்களில், ஒரு கருவிக்கு இவ்வளவு வேகம்தான் என்று அளவு கட்டலாம். டிவிக்கு ஒன்றரை எம்பிபிஎஸ் என்று கட்டிவிட்டால் ஆப்புக்கு மேலே தாவ இடமே இருக்காது. வேகம் கிடைக்க வேகத்தைக் குறைப்பதா என்று சிரிக்காதீர்கள், செய்து பாருங்கள்.

அப்புறம், லைவ்வைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். பல ஆப்களில் நேரலையை நிறுத்தி வைக்கவும் பின்னால் நகர்த்தவும் முடியும். ஆரம்பத்திலேயே இரண்டு நிமிஷம் பின்னால் போய்ப் பார்த்தால், அந்த இரண்டு நிமிஷக் காட்சி ஆப்புக்குக் கையிருப்பாகக் கிடைக்கும். நஷ்டம் ஒன்றுதான்: டிஷ் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் கத்தியதும் சிக்ஸர் என்று தெரிந்துவிடும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

போனை எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில், பத்திரமாக இருக்கட்டும் என்று ஹாட்ஸ்பாட் போனை இரும்பு பீரோ மேல் வைத்திருந்தார்கள். மேலே தகர ஷீட், கீழே பீரோ. செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’, ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்று போனால் சிக்னல் அளவு டிபிஎம்மில் தெரியும். அங்கே மைனஸ் 113 காட்டியது. அதே போனைக் கிழக்கு ஜன்னல் திண்டுக்கு மாற்றினோம், மைனஸ் 97. இது மைனஸ் எண் என்பதால், மைனஸுக்குப் பின்னால் வருகிற எண் குறைவாக இருந்தால்தான் நல்லது. 110ஐத் தாண்டினால் தகராறு, 95க்குள் வந்தால் நிம்மதி. போன் மேலே காட்டுகிற சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், இந்த எண்ணை நம்புங்கள். வீட்டில் நாலு இடத்தில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் படுகிற ஜன்னல் மட்டும் வேண்டாம், போன் சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில் சுவர் இருந்தால் ஹாட்ஸ்பாட்டை 5 கிகாஹெர்ட்ஸில் இல்லாமல் 2.4இல் வையுங்கள், அது சுவரைத் தாண்டும்.

சிம் மாற்றுவது கடைசி. மாற்றினாலும் அவசரப்பட்டு போர்ட் செய்துவிடாதீர்கள், ஒருமுறை மாறினால் 90 நாள் அங்கேயே இருந்தாக வேண்டும். வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுத் தம்பியை ராத்திரி 8 மணிக்குக் கூப்பிட்டு, அவர் ஹாட்ஸ்பாட்டில் அரை மணி நேரம் சீரியல் ஓட்டிப் பாருங்கள். மத்தியானம் சோதித்தால் எல்லாக் கம்பெனியும் நன்றாகத்தான் இருக்கும்.

அத்தைக்கு ஒரு யோசனை. சீரியலை லைவ்வில்தான் பார்க்க வேண்டுமா? நள்ளிரவுக்கு மேல் புது நாளின் 2 ஜிபி வந்துவிடும், டவரும் காலியாக இருக்கும். டவுன்லோடு வசதி உள்ள ஆப் என்றால் விடியற்காலை போனில் இறக்கி வைத்துவிட்டால், காலை காபியோடு ஒரு சுற்றல் இல்லாமல் பார்க்கலாம். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்வது உங்கள் பொறுப்பு.

இதெல்லாம் நெட்டிலேயே சமாளிக்கிற வழி. என்னைக் கேட்டால், கிராமத்தில் லைவ்வுக்கு டிஷ், மற்றதற்கு நெட் என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரே தடவைச் செலவு. டிடி தமிழ் அதில் வரும். ஆனால் பெரும்பாலான தனியார் தமிழ்ச் சேனல்கள் கிடையாது, ஐபிஎல்லை நம்பியும் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுத் தேவைக்குக் கட்டண டிஷ்ஷோ பழைய கேபிளோதான் சரி வரும். முடிவெடுக்கும் முன் ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று கேளுங்கள். பாரத்நெட் திட்டத்தில் கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கிறார்கள். அது உங்கள் ஊருக்கு வந்து, வீட்டுக்கும் இணைப்பு கொடுக்கிறார்கள் என்றால், 30 எம்பிபிஎஸ் பிளானே தாராளம். அப்போது மேலே சொன்ன எதுவும் தேவைப்படாது.

பூஸ்டர் ஏன் வேண்டாம் என்றேன்? உரிமம் இல்லாமல் அதை வீட்டில் மாட்டுவது சட்டப்படி தவறு. மலிவான பூஸ்டர்கள் டவர் பக்கம் இரைச்சலை அனுப்பி, அக்கம்பக்கத்தார் எல்லோருடைய சிக்னலையும் கெடுக்கும். அதிகாரிகள் கண்டுபிடித்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எல்லாம் இருக்கட்டும், மேட்ச் அன்று ஒன்பதே காலுக்குத் தீர்ந்துபோகிற 2 ஜிபியை எந்த பூஸ்டரும் மூன்று ஜிபி ஆக்காது.